பொத்தானை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? தச்சநல்லூரிலிருந்து உடையடி சாஸ்தா வரை

பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிப் பக்கம் யாரையும் வீட்டில் பார்க்க முடியாது. ஒவ்வொரு குடும்பமும் தன் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிக் கிளம்பிவிடும். சாஸ்தா பெரும்பாலும் ஊருக்குள் இருக்க மாட்டார். குளத்தங்கரையிலோ, முள்காட்டிலோ, பஸ் எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு பொட்டலிலோ இருப்பார். வருடத்துக்கு ஒருமுறைதான் போகிறோம் என்பதால் பாதிப் பேருக்கு வழி சரியாக நினைவிருக்காது. இந்த வருடம் அப்பாவும் நானும் போய்வந்ததை, அடுத்த வருடம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். 69 கிலோமீட்டரில் முடிய வேண்டிய பயணம் எங்களுக்கு 102 கிலோமீட்டர் ஆனது. கூடுதலாக வந்த 33 கிலோமீட்டருக்கும் காரணம், முந்தின இரவு என் போனில் இருந்த வரைபடச் செயலி தன் முகத்தை மாற்றிக்கொண்டதுதான். கொஞ்சம் என் தப்பும் உண்டு. அந்த இடம் வரும்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் போனது எங்கள் சாஸ்தாவுக்கு அல்ல. அவர் சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றோரம் இருக்கிறார். அங்கே அம்மாவும் தம்பியும் காலை ஆறு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். அப்பாவும் நானும் போக வேண்டியது ராதாபுரம் தாண்டி, சுப்பு அத்தையின் புகுந்த வீட்டுச் சாஸ்தாவுக்கு. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவள் மகன் ஆதவனுக்குப் பதினோரு மாதம். அன்று அவனுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் அப்பாதான் ஒரே தாய்மாமன். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குமேல் தொடவே மாட்டார்கள்.

இதில் ஒரு பழைய வடு இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் அத்தையின் மூத்த மகள் நிலாவுக்கு இதே இடத்தில் காது குத்தினார்கள். அப்பா வள்ளியூரில் பஸ் மாறி ஏறி, வேறு எங்கோ போய், மத்தியானம் இரண்டு மணிக்குச் சீர்த்தட்டோடு வந்து நின்றார். அதற்குள் மாமாவின் சித்தப்பா மகன் ஒருவர் மடியில் வைத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அத்தை அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மாமாவின் அக்கா, எந்த விசேஷத்தில் அப்பாவைப் பார்த்தாலும், "வாங்க, வழி தெரிஞ்சுதா?" என்றுதான் வரவேற்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

அதனால்தான் இந்த முறை, "அப்பா, வழியை நீங்க நினைக்கவே வேண்டாம். நான் போன வருஷமே அந்தக் கோயில்ல பின் போட்டு வச்சிருக்கேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். போன வருடம் உத்திரத்துக்கு மாமா வீட்டார் வண்டியிலேயே நாங்கள் போயிருந்தோம். உடைமரம் என்கிற முள்மரங்களுக்கு நடுவே ஒரு பீடம், ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான் கோயில். அங்கே நின்று வரைபடத்தில் விரலை அழுத்தி, நட்சத்திரம் போட்டுச் சேமித்தேன். சேமித்தது எங்கே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். திரையின் அடியில், நடுவில், ஒரு பொத்தான். கண்ணை மூடிக்கொண்டுகூட அழுத்துவேன்.

காலை 8:05க்குத் தச்சநல்லூரில் கிளம்பினோம். வாடகைக் கார், நாள் முழுவதும் ஓட்டுநரோடு 2,600 ரூபாய். ஓட்டுநர் வேலு அண்ணாச்சி எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது தெரு. அப்பா முன் சீட்டில் வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் சீர்த்தட்டு: பட்டுச் சட்டை, வாழைப்பழம், கல்கண்டு, சிவப்புத் தாள் மடித்த சிறிய டப்பாவில் இரண்டு கடுக்கன். பின் சீட்டில் போனோடு நான். பையில் கதைப் புத்தகம் ஒன்று வைத்திருந்தேன். அன்று ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வண்ணார்பேட்டைப் பாலத்தில் போகும்போது ஆற்றில் பாதி மணலும் பாதித் தண்ணீருமாகத் தாமிரபரணி வெயிலில் மின்னியது. அந்த அழகைப் பார்த்துவிட்டு, சரி, வழியைப் போடுவோம் என்று செயலியைத் திறந்தேன். என் பொத்தான் இல்லை.

முதலில் வேறு ஏதோ செயலியைத் திறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூடிவிட்டுத் திறந்தேன். அதேதான். கீழே ஐந்து பொத்தான் இருந்த இடத்தில் மூன்று. மஞ்சளாக இருந்த சாலைகள் எல்லாம் சாம்பல் நிறம். வாய்க்காலும் சாலையும் அண்ணன் தம்பி போல ஒரே சாயலில் ஓடின. வரைபடத்தின் கீழ்ப்பாதியைத் தாள் போன்ற ஒன்று மூடிக்கொண்டு, பக்கத்தில் உள்ள பிரியாணிக் கடைகளைக் காட்டியது. கீழே தள்ளினால் இறங்கும், விரலை எடுத்தால் மறுபடி ஏறும். காலை எட்டே காலுக்குச் சாஸ்தாவைப் பார்க்கப் போகிறவளுக்கு எதற்குப் பிரியாணிக் கடை?

"என்னட்டி, வழி போட்டாச்சா?" என்றார் அப்பா.

"போடுதேன்பா. அப்டேட் ஆயிருக்கு."

"அப்டேட்டுன்னா நல்லதுதான?"

அதற்கு வேலு அண்ணாச்சி சொன்னார்: "என்னத்த நல்லது? எனக்கும் நேத்துதான் மாறிச்சு. அதுல வழி சொல்லுத பொம்பளை இருக்காள்லா, அவ பேசுதத நிறுத்திட்டா. எங்கன தட்டுனா பேசுவான்னு தெரியல. ரெண்டு நாளா என்கூடக் கோவிச்சிட்டு இருக்கா."

நாங்குநேரி வரைக்கும் நேர்ச்சாலைதானே, அதற்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் அவசரப்படவில்லை. இது என் முதல் தப்பு. ரெட்டியார்பட்டி மலையை வெட்டிப் போட்ட சாலையில் போகும்போது கண்ணில் பட்ட ஒன்றிரண்டு பொத்தான்களை அழுத்திப் பார்த்தேன். ஒன்று, யாரோ போட்ட புகைப்படங்களைக் காட்டியது. ஒன்று, நானே ஒரு கடையைப் பற்றி மதிப்புரை எழுதலாமே என்றது. என் நட்சத்திரங்கள் எங்கே என்று மட்டும் எதுவும் சொல்லவில்லை.

8:55க்கு நாங்குநேரி. 34 கிலோமீட்டர். இட்லி, வடை, காபி, மூன்று பேருக்கும் 190 ரூபாய். வடை நன்றாக இருந்தது. நான் ரசிக்கவில்லை. கடைசியில் பொறுமை போய், கோயிலின் பெயரையே எழுதித் தேடினேன். 'உடையடி சாஸ்தா கோயில்' என்று எழுதி முடிப்பதற்குள் முதல் விடையாக வந்து நின்றது. ராதாபுரத்துக்குப் பக்கத்தில்தான். நிறைய நட்சத்திரம் வேறு வாங்கியிருந்தது. புகைப்படத்தில் வண்ணம் பூசிய கோபுரம். போன வருடம் கோபுரம் இல்லையே என்று ஒரு நொடி யோசித்தேன். ஒரு வருடத்தில் கட்டியிருப்பார்கள் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் காட்டினேன்.

"கோவுரம்லாம் வச்சிட்டாவளா? சுப்பு சொல்லவே இல்லையே" என்றார். அவருக்கும் அதில் மகிழ்ச்சிதான். தங்கச்சி வீட்டுச் சாமிக்குக் கோபுரம்.

9:20க்குக் கிளம்பினோம். வேலு அண்ணாச்சி வள்ளியூர் போய்த் திரும்பலாம் என்றார். செயலி, நாங்குநேரியிலேயே கிழக்கே திரும்பினால் ஒன்பது நிமிடம் மிச்சம் என்றது. நான் செயலி பக்கம் பேசினேன். 'பிள்ளை படிச்ச பிள்ளை' என்று அப்பா என் பக்கம் பேசினார். கார் கிழக்கே திரும்பியது.

முதல் ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை. அப்புறம் சரளை. அப்புறம் ஒரு குளத்தங்கரை. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் பதினைந்து அடிப் பள்ளம், நடுவே கார் அகலத்துக்கு ஒரு சாண் கூடுதலாக மண்பாதை. எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்த ஒருவர் இறங்கி நின்று, எங்களை விசித்திரமாகப் பார்த்தார்.

"எங்கன போறீய?"

"ராதாபுரத்துக்கு" என்றார் அண்ணாச்சி.

"கார்லயா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போனைப் பார்த்தேன். முன்பெல்லாம் கார், பைக், பஸ், நடை என்று நான்கு படங்களும் மேலே வரிசையாக இருக்கும். கண்ணில் படாமல் போகாது. இப்போது ஒரே ஒரு படம், சுண்டுவிரல் நக அளவு. அதை அழுத்தினால்தான் மற்றவை வெளியே வரும். அதில் பைக் இருந்தது. ஒன்பது நிமிடம் மிச்சமாவது பைக்கில் போகிறவர்களுக்கு.

"வே அண்ணாச்சி, இந்தக் கரையில மாட்டு வண்டியே திரும்பாது. பின்னால பாத்துப் பைய பைய எடும்" என்று சொல்லிவிட்டு, சைக்கிள்காரர் புல்லுக்கட்டை இறக்கி வைத்து, காருக்குப் பின்னால் நடந்துகொண்டே, "வா, வா, வலது, போதும், போதும்வே, தண்ணிக்குள்ளயா போவப் போறீரு?" என்று கை காட்டினார். முக்கால் கிலோமீட்டர் பின்னோக்கி. சீர்த்தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வேலு அண்ணாச்சி தலையைப் பின்னால் திருப்பியபடியே ஓட்டினார். சிறுவயல் ஒன்றின் ஓரம் கார் திரும்ப இடம் கிடைத்ததும் அவர் சொன்னார்: "படிச்ச பிள்ளையை இனிமே வள்ளியூர் வரைக்கும் தூங்கச் சொல்லுங்க."

மறுபடி நான்குவழிச் சாலைக்கு வந்தபோது 10:15. வள்ளியூர் 14 கிலோமீட்டர், அங்கிருந்து ராதாபுரம் 13. பனைகள் தொடங்கின. பனைகளுக்கு மேலே காற்றாலைகள். எங்கள் பக்கம் காத்தாடி என்போம். மண் சிவந்துகொண்டே போனது. 10:30 தாண்டும்போது அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்கிறார் என்று தெரிந்தது. அத்தைக்கு இரண்டு தடவை போன் போட்டோம். உத்திரக் கூட்டத்தில் டவர் திணறியது. மணி அடிக்கவே இல்லை.

சரியாக 11:00க்குக் கோபுரத்தின் முன்னால் போய் நின்றோம். பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாகப் பொங்கல் பானை, புகை. அப்பா கார் முழுதாக நிற்பதற்குள் இறங்கினார். வாசலில் நின்ற இரண்டு இளவட்டங்களைப் பார்த்து, நான்கு வருடம் உள்ளே வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, சத்தமாகச் சொன்னார்:

"காதுகுத்துக்கு வந்திருக்கோம். தாய்மாமன் நான்தான்!"

"ஏலே, தாய்மாமன் வந்தாச்சுலே!" என்று ஒருவன் உள்ளே ஓடினான். மேளம் எழும்பியது. யாரோ சீர்த்தட்டை வாங்கினார்கள். யாரோ அப்பா கழுத்தில் மாலை போட்டார்கள். எனக்கு ஒரு டம்ளர் பானக்கரம். வெல்லமும் சுக்கும் சரியான பதத்தில் இருந்தன. அந்தக் கூட்டத்தில் மாமாவையும் காணோம், அத்தையையும் காணோம், 'வழி தெரிஞ்சுதா' என்று கேட்கிற அக்காவையும் காணோம். உள்ளே வேலையாக இருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குள் அப்பாவை ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, மடியில் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்தார்.

அப்பா மடியைக் குனிந்து பார்த்தார். பட்டுப்பாவாடை. தலையில் மல்லிகைப்பூ.

"இது பொம்பளப் பிள்ளைல்லா?" என்றார் மெதுவாக.

"ஆமா. உங்க மருமவதான். ஏன், ஆம்பளப் பிள்ளைன்னு சொன்னாவளா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அப்போது உள்ளேயிருந்து கையில் கரண்டியோடு ஓர் அம்மா வந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெரியம்மா என்று அப்புறம் தெரிந்தது. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"யாரு இவிய? ஏலே, இது நம்ம மாணிக்கம் இல்லைலே! மாணிக்கம் ஒல்லியால்லா இருப்பான்! அவன் பம்பாயில இருந்து வாரான், இவிய யாரையோ பிடிச்சு உக்கார வச்சிருக்கீய!"

இளவட்டங்கள் இருவரும் மாணிக்கம் என்கிற அந்த மாமாவைப் பார்த்ததே இல்லையாம். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் குழந்தை அவர் மாலையிலிருந்து ரோஜா இதழைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க யார் வீட்டுக்குப் போவணும்?"

அப்பா மாமாவின் பெயரைச் சொன்னார்.

"அது பழைய உடையடி சாஸ்தால்லா! எங்க ஆளுவ அந்தக் காலத்துல சண்டை போட்டுப் பிரிஞ்சு வரும்போது அங்கன இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துட்டு வந்து இங்கன வச்சோம். மண்ணு அவருதுன்னா பேரும் அவருதான. ரெண்டும் உடையடி சாஸ்தாதான். ராதாபுரம் போய், அந்தப் பக்கமாத் திரும்பி, பதினாலு கிலோமீட்டர் இருக்கும். எந்தக் காட்டுக்குள்ள இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது, நாங்கதான் அங்கன போறதில்லையே."

பிடிமண் எடுத்துக் கோயில் கட்டுவது இந்தப் பக்கம் புதிதல்ல. எனக்கும் தெரியும். தெரிந்தும், ஒரு பெயருக்கு ஒரு கோயில் என்று ஒரு திரை சொன்னதை நம்பினேன் பாருங்கள்.

மாலையைக் கழற்றிக் கொடுத்தோம். வேண்டாம் என்றார்கள். சீர்த்தட்டைத் தேடி வாங்கினோம். காரில் ஏறும்போது 11:15. அப்பா போன் கேட்கவில்லை, வழி கேட்கவில்லை. சிவப்பு டப்பாவைத் திறந்து கடுக்கன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார். "திருப்பி வீட்டுக்கே போயிருவோமாட்டி?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. என் பயணங்களில் நான் கேட்ட வாக்கியங்களில் அதைவிட மோசமானது ஒன்றும் இல்லை.

"அஞ்சு நிமிஷம் குடுங்கப்பா" என்றேன்.

இப்போது தேடியதுதான் ஒழுங்கான தேடல். எரிச்சலில் எதை எதையோ அழுத்தாமல், பாடப்புத்தகத்தை வாசிப்பது போல ஒவ்வொரு திரையாக, மேலிருந்து கீழே வாசித்தேன். வலது மூலையில் 'நீங்கள்' என்று ஒரு பொத்தான். என்னைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்று அதுவரை தொடாமல் இருந்தேன். அழுத்தினேன். நான் போன இடங்கள், நான் எடுத்த படங்கள், நான் எழுதாத மதிப்புரைகள். எல்லாவற்றையும் தள்ளி, தள்ளி, அடியில் போனால் 'உங்கள் பட்டியல்கள்'. அதற்குள் போனால் நட்சத்திரம். நடுவில் ஒரே தட்டில் கிடைத்ததை மூன்று அறை தாண்டி, பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் என் தப்பு. நட்சத்திரப் பட்டியலில் மூன்று இடங்களுக்கு ஒரே பெயர்: 'பெயரிடாத இடம்'. நான் ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. முதலாவதைத் திறந்தேன். மணிமுத்தாறு. பள்ளிச் சுற்றுலாவில் என் தோழி செருப்பைத் தொலைத்த இடம். இரண்டாவது, பாளையங்கோட்டையில் பழைய புத்தகம் விற்கிற ஒரு வீடு. மூன்றாவதைத் திறந்தபோது திரையில் சுற்றி ஒன்றுமே இல்லை. சாலை இல்லை, கடை இல்லை, வெறும் சாம்பல். ராதாபுரத்துக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி.

"இதுதான்!" என்று கத்தினேன். படத்தை அழுத்திக் காராக மாற்றினேன். மணி 11:23.

வேலு அண்ணாச்சி அப்புறம் ஓட்டியதை எழுதினால் அவர் வீட்டில் திட்டுவார்கள். ராதாபுரத்தில் சாலை பிரிகிற விலக்கில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே ஒல்லியான ஒருவர், மடியில் வெள்ளித்தட்டு, கையில் போன், முகத்தில் நான் நன்றாக அறிந்த அதே எரிச்சல். அண்ணாச்சி வேகத்தைக் குறைக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "மாணிக்கமா? பம்பாயா? நேரா ஆறு கிலோமீட்டர், கோவுரம்! பிள்ளை அழுது!" அந்த முகம் என்ன ஆனது என்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

எட்டு கிலோமீட்டரில் கடைசி மூன்றுக்குத் தார் இல்லை. சாலை இரண்டாகப் பிரிந்த ஓர் இடத்தில் செயலி யோசிக்கத் தொடங்கியது. டவர் இல்லை. நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் வெறும் சாம்பலில் மிதந்தது. தவறான கிளையில் மூன்று கிலோமீட்டர் போனோம். அப்போது அத்தையின் அழைப்பு எப்படியோ உள்ளே வந்தது.

"அண்ணே, எங்கன இருக்கே?"

"காத்தாடிகிட்ட இருக்கேன் தாயி."

"அந்தக் காத்தாடிகிட்ட இருந்து இடது பக்கம் வா."

"எந்தக் காத்தாடிட்டீ? இங்கன இருநூறு காத்தாடி சுத்துது!"

"வெள்ளையா இருக்கும்லா, அது..."

கட்.

எல்லாம் வெள்ளைதான், அத்தை. இந்த உலகத்தில் கறுப்புக் காத்தாடி நான் பார்த்ததில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன். திரையில் சாலைகள் வரவில்லை என்றாலும், நட்சத்திரமும் நீலப் புள்ளியும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறைகிறதா, கூடுகிறதா என்று மட்டும் பார்த்தேன். "குறையுது, போங்க. கூடுது, நில்லுங்க. வலது. குறையுது, குறையுது..." நீலப் புள்ளி நட்சத்திரத்தைத் தொட்டபோது உடைமரங்கள் குடை விரித்தது போல நின்றன. தகரக் கொட்டகை. கோபுரம் இல்லை. 11:52.

அத்தை கொட்டகைக்கு வெளியே ஒரு மரத்தடியில் ஆதவனைத் தோளில் போட்டு, முதுகில் தட்டிக்கொண்டு நின்றாள். மாமா பின்னால் சொன்னதை வைத்து நடந்ததை எழுதுகிறேன். பதினொன்றரைக்கே மாமாவின் சித்தப்பா மகன், அதே ஆள், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டாராம். "பிள்ளை இப்பதான் தூங்குதான். தூங்குத பிள்ளைக்கு யாராவது காது குத்துவாவளா? முழிக்கட்டும்" என்று சொல்லி அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இருபத்திரண்டு நிமிடம். யார் கூப்பிட்டாலும் 'உஷ்' என்று விரலைக் காட்டினாளாம்.

காரைப் பார்த்ததும் ஆதவன் தோளிலிருந்து தலையைத் தூக்கி, எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவன் கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை. வாயில் பாதி முறுக்கு.

"வாங்க, வழி தெரிஞ்சுதா?" என்றாள் மாமாவின் அக்கா. பழக்கம்.

"தெரிஞ்சுது மதினி. ஊர்ல உள்ள எல்லா வழியும் தெரிஞ்சுது" என்றாள் அத்தை. "நீ உக்காரு அண்ணே. இவன் இப்பதான் முழிச்சான்."

சித்தப்பா மகன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்பா உட்கார்ந்தார். 11:56க்கு வலது காது. 11:57க்கு இடது காது. ஆதவன் அழுத அழுகை வேறு கதை. அப்பா அவனைவிட அதிகமாக அழுதார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைக்கிறார், அப்படியே நினைக்கட்டும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ராதாபுரம் தாண்டினால் டவரை நம்பாதீர்கள். முந்தின நாளே அந்தப் பகுதியின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளத்தங்கரையில் ஏறுவதற்கு முன் அந்தச் சுண்டுவிரல் நகப் படத்தில் இருப்பது காரா, பைக்கா என்று பாருங்கள். சேமிக்கும் இடத்துக்கு அப்போதே பெயர் வையுங்கள். 'அப்புறம் வைக்கலாம்' என்பதற்கு எங்களுக்கு ஆன விலை பழைய சாஸ்தாவுக்கும் புதிய சாஸ்தாவுக்கும் நடுவில் உள்ள தூரம். கோயில் பெயரோடு யார் வீட்டுக் கோயில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காத்தாடியை அடையாளமாகச் சொல்கிறவர்களிடம் தயவுசெய்து வேறு அடையாளம் கேளுங்கள். கோயிலில் தண்ணீர் கிடையாது, எடுத்துப் போங்கள். சாப்பாடு கிடைக்கும், தாய்மாமன் நேரத்துக்கு வந்தால்.

செயலியை இப்படி மாற்றியவர்களுக்கும் ஒன்று. பழைய பொத்தான் நடுவில் இருந்ததில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பிரியாணிக் கடைகளுக்காக என்றால் அதையாவது சொல்லுங்கள்.

சாப்பிட்டு முடிந்து இலையை எடுக்கும்போது அத்தை தன் போனை என்னிடம் நீட்டினாள். "அடுத்து ஆதவனுக்குத் தம்பியோ தங்கச்சியோ வந்தா எங்கண்ணன் மறுபடி தேடக்கூடாது. இந்த இடத்தை என் போன்லயும் போட்டு, அவுகளுக்கு அனுப்புத மாதிரி வச்சுத் தாட்டி."

வாங்கினேன். பின் போட்டேன். இந்த முறை பெயரும் வைத்தேன்: 'பழைய உடையடி சாஸ்தா, கோபுரம் இல்லாதது'. சேமித்துவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கட்டைவிரலால் வலது மூலையைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். ஒன்றுமில்லை.

அப்புறம்தான் பார்த்தேன். அத்தையின் போனில் அப்டேட் இன்னும் வரவில்லை. மஞ்சள் சாலைகள், ஐந்து பொத்தான்கள், நடுவில் என் பொத்தான். ஒரே காலையில் என் விரல் கட்சி மாறிவிட்டது.